வாய்க்குள் ஏது ஊசி?

"நாலு ஊசின்னு எழுதிகீதுக்கா. மூணுதான் குத்துனாங்க. ஒண்ண வுட்டுட்டாங்களா?"

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஒன்றரை மாதக் குழந்தையைத் தோளில் போட்டபடி என் வாசலில் நின்று கேட்டாள். கையில் ஒரு துண்டறிக்கை. பென்டா தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, போலியோ தடுப்பூசி, ரோட்டா வைரஸ் வாய்வழித் தடுப்பூசி, கடைசியில் போலியோ சொட்டு மருந்து. தொடைகளில் இரண்டு, கையில் ஒன்று குத்தியாயிற்று. வாயில் இரண்டு முறை மருந்து விட்டார்கள், இரண்டுமே போலியோ என்று நினைத்துவிட்டாள். அவள் கணக்கில் பிழையில்லை, அறிக்கையை எழுதியவர் தமிழில்தான் பிழை.

இந்த "வாய்வழித் தடுப்பூசி"யை நாளிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

சொல்லின் கதை சிறியது. வாக்கா என்றால் லத்தீனில் பசு. 1796ல் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார், அதிலிருந்து வந்தது வாக்சின் என்ற ஆங்கிலச் சொல். 1881ல் பாஸ்டர், ஜென்னரின் நினைவாக அதை எல்லா நோய்க்கும் விரித்தார். நம்மவர்கள் அப்போது மூலச்சொல்லைத் தேடிப் போகவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்: அம்மைப்பால், அம்மை குத்துதல். பிறகு காலராவுக்கும் குத்தினார்கள், அது காலரா ஊசி ஆயிற்று. தடுக்கிற ஊசி தடுப்பூசி. எல்லாவற்றையும் குத்திய காலம் வரை குறையில்லாத சொல்.

அதை உடைத்தவை குடல் நோய்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் தாக்குவது சிறுகுடலின் உட்சுவரை. காவலும் அங்கேயே வேண்டும் என்பதால் மருந்தை வாயில் விடுகிறார்கள். வலி குறையட்டும் என்று செய்த சலுகை இல்லை, அறிவியலே அந்த வழியில்தான் இருக்கிறது. காலராவுக்கு இன்று தருவதும் குடிக்கும் மருந்து. டைபாய்டுக்கு ஊசியோடு விழுங்கும் குளிகையும் வந்தது.

ஏழைப் பகுதிகளில் இந்த வாய்வழி மருந்துகள் முழுப்பலன் தருவதில்லை. 1970களிலேயே வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் போலியோ சொட்டில் இதைக் கண்டார், அங்கே குழந்தைகளுக்குக் கூடுதல் தவணைகள் தேவைப்பட்டன. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த வைரஸிலிருந்து உருவான ரோட்டாவாக் என்ற வாய்வழி மருந்து, டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. முதல் வயதில் ரோட்டாவால் வரும் கடும் வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கின்றன. குழாயில் சாக்கடை கலந்த தண்ணீர் வந்தால் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற தெருவில், குழந்தையின் குடல் ஓயாமல் கிருமியோடு மல்லுக்கு நிற்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளும் மருந்தை மட்டுப்படுத்துகிறது. காரணங்கள் இன்னும் உண்டு. அதனால்தான் ரோட்டாவுக்கும் ஊசி செய்து ஆப்பிரிக்காவில் சோதித்தார்கள். வாய்வழி மருந்தை அது மிஞ்சவில்லை என்று 2022ல் நிறுத்தினார்கள். இந்தச் செய்தியை நம் மொழிபெயர்ப்பாளர் எப்படி எழுதுவார்? "வாய்வழித் தடுப்பூசியை ஊசிவழித் தடுப்பூசி மிஞ்சவில்லை" என்றா? ஆராய்ச்சியின் கேள்வியே வாயா ஊசியா என்பதாக இருக்கும்போது, இரண்டுக்கும் ஊசி என்றால் வாசகனுக்கு என்ன மிஞ்சும்?

எள்ளின் நெய் எண்ணெய், இன்று தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் இல்லையா, அதுபோல் தடுப்பூசியும் பொருள் விரிந்துவிட்டது என்று ஒரு நண்பர் வாதாடினார். நல்ல வாதம்தான், நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் எண்ணெயில் இன்று யார் காதிலும் எள் விழுவதில்லை. வாக்சினில் பசு விழுவதில்லை. தடுப்பூசியில் ஊசி பளிச்சென்று விழுகிறது, கூரோடு விழுகிறது. அதனால்தான் அந்தப் பெண் குத்தின இடங்களை எண்ணினாள். போலியோவில் மக்கள் தாங்களே பிரித்துவிட்டார்கள்: வாயில் விட்டால் போலியோ சொட்டு, கையில் குத்தினால் போலியோ ஊசி. யாரும் குழம்பியதில்லை.

பொதுச்சொல் தடுப்பு மருந்து. குத்துவது தடுப்பூசி. வாயில் தருவது வாய்வழித் தடுப்பு மருந்து. எல்லாவற்றையும் சொட்டு மருந்து என்றும் அடைக்க முடியாது. ரோட்டாவாக் ஐந்து சொட்டு, இன்னொரு ரோட்டா மருந்தான ரோட்டாசில் பொடியைக் கரைத்து ஊசியில்லாச் சிரிஞ்சில் இரண்டரை மில்லி ஊற்றுவது.

மருந்து நோயாளிக்குத்தானே, நல்லா இருக்கிற குழந்தைக்கு எப்படி மருந்து என்பார் இன்னொருவர். வசம்பும் மாசிக்காயும் கல்லில் உரைத்து, நன்றாக இருக்கிற குழந்தையின் நாக்கில் பாட்டிகள் தடவியதற்குப் பெயர் என்ன? உரமருந்து. வருமுன் தருவதையும் நம் மொழி மருந்து என்றே சொல்லியிருக்கிறது, அதுவும் வயிற்றுக்காகவே.

அகராதியில் ஒரு பக்கம் வாய்வழி, மறுபக்கம் தடுப்பூசி என்று எடுத்து ஒட்டுகிறவர்கள், ஒட்டியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதில்லை. இதே கைதான் "குடல்சார் தொற்றினால் நீரிழப்பு" என்றும் எழுதுகிறது. வயித்தால போவுது, பேதி, நாக்கு வறண்டுடுச்சு என்று எங்கள் தெரு தெளிவாகப் பேசுகிறது. ஆராய்ச்சிக்குக் குழந்தையைச் சேர்க்கும் முன் தாய் கையெழுத்திடும் இசைவுப் படிவத்திலும் இப்படி எழுதினால், அவள் எதற்கு இசைந்தாள் என்று யார் சொல்வது?

அந்தப் பெண்ணின் தடுப்பு அட்டையை வாங்கினேன். ஆறு, பத்து, பதினாலு வாரம், மூன்று இடத்திலும் ரோட்டாவுக்கு நேராகப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: வாயில் ஊத்துறது.