ஒரே செங்கல்லால் கட்டப்பட்ட உறை

உயிரணு தனக்குத் தேவையான புரதங்களைச் செய்துகொள்ளும் முறையை அறிந்துகொண்டால், வைரஸ்கள் ஏன் இவ்வளவு ஒழுங்கான வடிவங்களில் இருக்கின்றன என்பது விளங்கும். டி.என்.ஏ.வில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் எழுத்துகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அடினின் தைமினோடும் குவானின் சைட்டோசினோடும் இணைவதால் இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த வரிசையின் ஒரு பகுதியைப் பார்த்துப் படியெடுக்கப்படுவது ஆர்.என்.ஏ. அது பெரும்பாலும் ஒற்றை இழையாக இருக்கும்; தைமினுக்குப் பதிலாக யுராசிலைக் கொண்டிருக்கும். ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்துப் புரதமாகக் கோக்கிறது.

வைரஸின் அமைப்பைத் தீர்மானிப்பதில் இந்த மூன்றெழுத்துக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 300 நானோமீட்டர் நீளமுள்ள அந்தக் குச்சிக்குள் இருப்பது சுமார் 6,400 எழுத்துகள் கொண்ட ஒரே ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதைச் சூழ்ந்துள்ள புரத உறையிலோ மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. அவை அனைத்தையும் தனித்தனியே குறித்துவைக்கப் பத்து லட்சம் எழுத்துகள் தேவைப்பட்டிருக்கும். வைரஸோ 158 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே புரதத்தின் குறிப்பை ஐந்நூறுக்கும் குறைவான எழுத்துகளில் வைத்திருக்கிறது. அப்புரதத்தின் சுமார் 2,130 படிகள் சுழற்படிக்கட்டைப் போல அடுக்கி அமைந்ததே அந்த உறை.

அடுக்குவது யார்? 1955-இல் ஃபிரேங்கெல்-கான்ராட், வில்லியம்ஸ் ஆகிய இரு அறிவியலாளர்களும் இந்த வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்தெடுத்து, மீண்டும் ஒன்றாகக் கலந்தனர். நோய் உண்டாக்கவல்ல குச்சிகள் தாமாகவே உருவாயின. புரதத்துண்டுகளின் வடிவமே அவை பொருந்த வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உருண்டையாகத் தெரியும் வைரஸ்கள் பலவற்றிலும் இதே சிக்கனம்தான். அவற்றின் உறை இருபது முக்கோண முகங்கள் கொண்ட வடிவில் அமைகிறது. இன்ஃபுளுயன்சா, கொரோனா வைரஸ்கள் இன்னும் ஒருபடி மேலே போய், வெளிப்புறக் கொழுப்புப் படலத்தைத் தாம் தொற்றிய உயிரணுவின் சவ்விலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதில் பதிந்துள்ள முட்புரதங்களோ அவற்றின் சொந்தக் குறிப்பின்படி உருவானவை. சோப்பு அந்தப் படலத்தைச் சிதைத்துவிடுவதால், அடுத்த உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் முட்களும் அதனோடு குலைந்துபோகின்றன.