உறைகாப்பு: கிரையோபிரிசர்வேஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பயிரின் குருத்து நுனியையோ விதைக்குள்ளிருக்கும் கருவையோ மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜனில் வைத்து, பல ஆண்டுகள் கழித்தும் உயிரோடு எடுத்து வளர்ப்பதற்குக் கிரையோபிரிசர்வேஷன் என்று பெயர். தமிழில் எழுதும்போது குளிர்பதனம், உறைபனிப் பாதுகாப்பு என்றெல்லாம் எழுதத் தோன்றும். இரண்டுமே பிழை என்பது என் கருத்து.

முதலில் மூலச்சொல். ‘க்ரியோஸ்’ என்றால் கிரேக்கத்தில் உறையவைக்கும் குளிர். ‘பிரிசர்வ்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ப்ரே’ என்றால் முன், ‘செர்வாரே’ என்றால் காத்தல். ஆக, வருமுன் காத்தல். அந்த க்ரியோஸின் உறவுச்சொல் ‘க்ரிஸ்டல்லோஸ்’. முதலில் பனிக்கட்டியையும் பிறகு பளிங்கையும் குறித்தது. ஆங்கிலத்தின் கிரிஸ்டல் அதன் வழிவந்ததுதான்.

இந்த உறவு முக்கியம். ஏனென்றால் இந்த முறையின் முழு உழைப்பும் செல்லுக்குள் கிரிஸ்டல், அதாவது படிகம், உருவாகாமல் தடுப்பதில்தான் இருக்கிறது. செல்லுக்குள் நீர் பனிக்கட்டியானால் ஊசி ஊசியான படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடும், செல் பிழைக்காது. ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சகாய் 1960-இல் முசுக்கொட்டைக் கிளைகள் திரவ நைட்ரஜனில் கிடந்தும் பிழைப்பதைக் காட்டினார். நேராக அமிழ்த்தவில்லை; முதலில் மைனஸ் 30 டிகிரி வாக்கில் குளிர்வித்தார். பனி செல்லுக்கு வெளியே உருவானது, உள்ளிருந்த நீர் அதை நோக்கி வெளியேறியது, உறைந்து கிழிக்கும் அளவுக்கு உள்ளே நீர் மிஞ்சவில்லை.

1990-இல் அவருடைய குழு பிவிஎஸ்2 என்ற கரைசலைத் தந்தது: கிளிசரால் 30 விழுக்காடு, எத்திலீன் கிளைக்காலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் தலா 15 விழுக்காடு, கூடவே சர்க்கரை. இதில் ஊறிய திசுவைச் சட்டென்று குளிர்வித்தால் மிச்சமிருக்கும் நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. இதற்கு விட்ரிஃபிகேஷன் என்று பெயர். ‘விட்ரம்’ என்றால் லத்தீனில் கண்ணாடி. தமிழில் ‘கண்ணாடியாதல்’ என்றே சொல்லலாம். ‘பளிங்காதல்’ என்று எழுதிவிடக் கூடாது. பளிங்கு என்றால் படிகம். எது கூடாதோ அதையே சொன்னதாகிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? நெல், கோதுமை விதைகளை உலர்த்தி மைனஸ் 18 டிகிரியில் வைத்தாலே போதும். நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகம் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை. உருளைக்கிழங்கின் விதையை முளைக்கவைத்தால் தாயின் குணங்கள் அப்படியே வருவதில்லை. தேங்காய், கோகோ, பலா விதைகளை உலர்த்தினால் செத்துப்போகும். பெல்ஜியத்தின் லூவனில் உலகின் மிகப் பெரிய வாழைத் தொகுப்பு இருக்கிறது. அங்கே 1,500-க்கும் மேற்பட்ட வகைகள் சோதனைக் குழாய்களில் நாற்றாக, 16 டிகிரியில் மெல்ல வளர்கின்றன. அவற்றை ஆண்டுதோறும் பிரித்து நட வேண்டும். ஒவ்வொரு முறையும் பூஞ்சை புகலாம், மரபுப் பிறழ்வும் நேரலாம். திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இனி தமிழ்ச்சொல். குளிர்பதனம் என்பது காய்கனிக் கிடங்கின் சொல். அங்கே பொருள் மெதுவாகவேனும் மூச்சுவிட்டு மூத்துக்கொண்டே இருக்கும். மைனஸ் 196-இல் மூச்சும் இல்லை, மூப்பும் இல்லை. உறைபனி என்றாலோ, தவிர்க்க வேண்டிய பனியே பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

‘உறை’ மட்டும் போதும். நீர் உறைந்தாலும் பனிக்கட்டிதானே என்று கேட்கலாம். இரத்தமும் உறைகிறது, அதில் பனி ஏது? இளகியது இறுகுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது, எப்படி இறுகியது என்பதை அல்ல. ஆகவே கண்ணாடியாய் இறுகுவதும் அதில் அடங்கும். உறைவிடம் என்றால் வாழும் இடம். திரவ நைட்ரஜனில் இருக்கும் குருத்து செத்துக் கிடக்கவில்லை, அங்கே தங்கியிருக்கிறது. வாளுக்கு உறை உண்டு. அதுபோலக் குருத்து நுனியை ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழ் மணிக்குள் பொதிந்து, உலர்த்திக் குளிர்விக்கும் முறையும் உண்டு. ‘பாதுகாப்பு’ என்று நீட்டத் தேவையில்லை. பழைய ‘காப்பு’ இருக்கிறது. உறைகாப்பு என்றாகிறது. இப்படிச் சேமிக்கும் கிரையோபேங்குக்கு உறைகாப்பகம், கிளிசரால் போன்ற கிரையோபுரொடெக்டன்டுக்கு உறைகாப்புப் பொருள் என்று சொற்குடும்பமும் எளிதாக வளரும்.

திசுவை வெளியே எடுப்பதை ‘உருக்குதல்’ என்று மட்டும் எழுத வேண்டாம். கண்ணாடியாகிய திசுவில் உருக்கப் பனிக்கட்டி இல்லை. மெதுவாகச் சூடானால் வழியில் பனி உருவாகிவிடும் என்பதால்தான் அதை வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசலில் சட்டென்று இடுகிறார்கள். அதற்கு ‘விரைவுச் சூடேற்றல்’ சரியாக இருக்கும்.