களியக்காவிளை அடைபட்டபோது மாத்திரை எந்த வழியாக வந்தது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டார் முதலில் சொல்வது "ஆர்.சி.சி.க்குப் போவோம்" என்பதுதான். அது மண்டலப் புற்றுநோய் மையம். மூளை, இதயம் என்றால் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம். இரண்டும் திருவனந்தபுரத்தில். 1956 நவம்பர் 1 வரை அந்த ஊரும் நாமும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தோம். எல்லை மாறிய பிறகும் நோயாளிகள் போகும் வழி மாறவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்குக்காக, தமிழக-கேரள எல்லையான களியக்காவிளையில் தடுப்பு வைத்தபோதுதான், எத்தனை வீடுகளின் மருந்து அந்த ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டி வருகிறது என்பது எங்களுக்கே உறைத்தது.

வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். கத்தோலிக்கப் பங்குகளின் சமூக சேவைக் குழுக்கள், ஜமாத் இளைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற மருத்துவர்கள் எனப் பலர் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில் எங்கள் குழுவும் உண்டு. அதுவரை அதன் வேலை நாகர்கோவிலில் மாதக் கூட்டம், தீர்மானம், எப்போதாவது ஒரு முகாம். முகாமுக்கு பேனர், பேனருக்கு முன்னால் போட்டோ. ஊரடங்கு இதையெல்லாம் ஒரே இரவில் நிறுத்தியது. மிஞ்சியது போன் மட்டும்.

"சிஸ்டர், பிள்ளைக்கு வலிப்பு மாத்திரை நாளையோட தீருது. பஸ்ஸு ஓடல்லல்லா, எப்பிடி வர?"

இப்படி வந்த அழைப்புகளை முதலில் நோயின் பெயரை வைத்துத்தான் பிரித்தோம். ஒரு ஓய்வுபெற்ற டாக்டர் அதை மாற்றச் சொன்னார்: மருந்து நின்றால் எத்தனை நாளில் ஆபத்து என்று பாருங்கள். கூட்டமைப்பே அந்தக் கேள்வியால்தான் உருமாறியது. டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரு முறை தவறினாலே நெருக்கடி. வலிப்பு மாத்திரையும் இன்சுலினும் திடீரென்று நின்றால் ஓரிரு நாளிலேயே விபரீதம் வரலாம். மார்ஃபின் எடுப்பவருக்கு வலியோடு, பழகிய மருந்து நின்ற அவதியும் சேரும். தைராய்டு மாத்திரை சில நாள் பொறுக்கும். இந்த வரிசையில் பட்டியல் போட்டதும், யாருடைய வீட்டுக்கு முதலில் வண்டி போக வேண்டும் என்ற சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது.

அடுத்து, அமைப்பு வாரியாக இருந்த பொறுப்பை வழி வாரியாகப் பிரித்தோம். நீரோடியிலிருந்து முட்டம் வரையான கடற்கரை ஒரு வழி. அங்கே பங்குக் கோயில் மைக்கில் அறிவித்தால் அடுத்த அரைமணியில் ஊருக்கே தெரியும், அதனால் பொறுப்பு பங்குக் குழுவுக்கு. குளச்சல், தேங்காப்பட்டணம் ஊர்களில் ஜமாத்தும் கூட. குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களும், பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளும் இன்னொரு வழி. அங்கே மைக்கும் உதவாது, வாட்ஸ்அப்பும் உதவாது. நேரில் ஆள் போக வேண்டும். சில குடியிருப்புகளுக்கு அணையைப் படகில் கடக்க வேண்டும்.

கடற்கரை சீக்கிரம் எழுந்து நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரன்ட் இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடிய அந்த நாட்களில், இன்சுலினை எங்கே வைப்பது என்று கேட்கவே பெண்கள் கூசினார்கள். அப்போது சுய உதவிக் குழுப் பெண்கள் சிலர் யாருக்கு என்ன மருந்து என்று ஒரு நோட்டில் வீடுவீடாக எழுதி வைத்திருந்தார்கள். கொரோனாவில் அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

பணம் வேறு வகையில் இடித்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, அப்படி வரும் பணத்தை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்றானது. பெரிய அமைப்பு வாங்கி சிறியவற்றுக்குப் பகிர்வதுதான் பல கூட்டமைப்புகளின் மூச்சு. சட்டம் சரியா தவறா என்பதைப் பேச வேறு இடம் இருக்கிறது. எங்கள் பக்கம் நடந்தது இதுதான்: பங்கிட ரூபாய் இல்லாததால் ஆளையும் பொருளையும் பங்கிட்டோம். ஒருவர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் தருவார், இன்னொருவர் ஜீப், மருந்துக்கடைக்காரர் மாதக் கடன். அதுவரை பணத்துக்காக மட்டும் வந்துகொண்டிருந்த சிலர் சத்தமில்லாமல் விலகினார்கள். நஷ்டமில்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதும் மறுபடியும் மாற வேண்டியிருந்தது. பிரஷருக்கும் சுகருக்கும் அரசுத் தன்னார்வலர்களே வீட்டுக்கு மாத்திரை கொண்டு வந்தார்கள். அந்த வேலையை நாங்கள் விட்டுவிட்டோம். விட மனமில்லாதவர்கள் இருந்தார்கள். முகாம் நடத்தினால்தானே படம் வரும்! ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் மாத்திரை கொடுத்தால் பாட்டி இரண்டையும் சேர்த்து விழுங்குவார்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவம். மழையில் பஸ் நிற்கும் நாளில் டயாலிசிஸ் தவறினால் இளநீரும் நேந்திரம்பழமும் கொடுக்காதீர்கள். "உடம்புக்கு நல்லது" என்று ஆசையாகக் கொடுப்பார்கள். அதில் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இதயத்தைப் பாதிக்கும். உப்பையும் தண்ணீரையும் டாக்டர் சொன்ன அளவுக்குள் பிடியுங்கள். மூச்சு வாங்கினாலோ கைகால் தளர்ந்தாலோ 108. கரன்ட் போனால் இன்சுலினை பாலித்தீன் உறையில் கட்டி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். மருந்துச் சீட்டை போனில் படம் எடுப்பதோடு ஒரு நகலும் வேண்டும்.

வைகாசிக்கு முன்னும் புரட்டாசிக்கு முன்னும் எங்கள் பட்டியலைத் திருத்துகிறோம். உங்கள் தெருவில் அந்த நோட்டை வைத்திருக்கும் அக்கா யார் என்று கேட்டுப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். போன் நம்பர் மட்டும் போதாது, அது சார்ஜ் இறங்கிவிடும். எந்தக் குருசடிக்கு (சிலுவை வைத்த சிறு கோயில்) பக்கம், எந்த ஓடைக்கு அப்பால், எத்தனையாவது வீடு என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.