பென்ஷன் தாங்கும் மெக்கானிக் கடை

வடசென்னைக்கும் பட்டாளத்துக்கும் புல்லட் வழியாக ஒரு பழைய உறவு உண்டு. 1950-களில் ராணுவத்துக்காக 350 சிசி புல்லட்டை அரசு தேர்ந்தெடுத்தது. 1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் அந்த வண்டியைக் கட்டத் தொடங்கியது. அதனால் ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு ஷட்டர் பிடித்து பைக் கடை போடுவதில் ஆச்சரியம் இல்லை. சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷ சர்வீஸ் போதும். நாற்பது வயதுக்குள் கையில் தொழில் இருக்கிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது.

இந்தக் கடைகள் சட்டென்று மூடுவதில்லை. சிக்கலே அதுதான். பென்ஷன் இல்லாத மெக்கானிக்குக் கடை ஓடவில்லை என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும், வாடகை பாக்கி நிற்கும். பென்ஷன்காரருக்கு மாதம் பிறந்தால் பணம் வந்து விழுகிறது, வாடகை அதிலிருந்து போகிறது. கடை நஷ்டத்தில் ஓடுவது நாலைந்து வருஷம் கழித்து, பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும்போதுதான் உறைக்கிறது.

ராணுவ ஒர்க்ஷாப்பில் இன்டெண்ட், அதாவது கேட்புச் சீட்டு, போட்டால் ஸ்பேர் வரும். வேலை எத்தனை மணி நேரம் ஆனாலும் யாரும் விலை கேட்பதில்லை. வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். வெளியே விற்கிற சரக்கே அந்த நேரம்தான். அதற்கு விலை போடும் பழக்கம் இருபது வருஷ சர்வீஸில் யாருக்கும் வந்திருக்காது.

ஒரு உதாரணக் கணக்கு. வாடகை 15,000, உதவியாளர் சம்பளம் 18,000, கரண்ட் 4,000, டூல் தேய்மானம், டீ, போன் எல்லாம் சேர்த்து 5,000, உங்கள் சம்பளம் 30,000. மொத்தம் 72,000. உங்கள் சம்பளத்தை எழுதாமல் விடாதீர்கள், பெரும்பாலான நோட்டுகளில் அந்த வரிதான் இருக்காது. மாதம் 24 நாள் என்றால் நாளைக்கு 3,000 வர வேண்டும். இரண்டு பேர் கையில் 16 மணி நேரம் இருக்கிறது. ஸ்பேர் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை ஓடுவது, ட்ரையல் போவது, கஸ்டமரிடம் பேசுவது எல்லாம் போனால் பில் போடக்கூடியது 10 மணி நேரம். ஆக மணிக்கு 300 ரூபாய். உங்கள் கடையின் எண் வேறாக இருக்கலாம், ஆனால் அது சுவரில் எழுதியிருக்க வேண்டும். ஸ்பேரில் வரும் லாபத்தை இதில் சேர்க்க வேண்டாம். விற்காமல் தங்கும் சரக்குக்கும், காசில்லாமல் திரும்பச் செய்து கொடுக்கும் வேலைக்கும் அது சரியாகிவிடும்.

இப்போது பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் ஒன்று ட்யூனிங்குக்கு வருகிறது என்று வையுங்கள். டேப்பெட்டை, அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளியை, எஞ்சின் சுத்தமாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் வைக்க முடியும், அதாவது வண்டி முந்தின ராத்திரியே கடையில் நிற்க வேண்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்முனைக்குக் கொண்டுவந்து, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடாக இருக்கும்போது வைத்தால் சிலிண்டர் பேரல் குளிர்ந்து சுருங்கியதும் வால்வு முழுசாக உட்காராது. காலையில் கிக்கில் கம்ப்ரஷனே இருக்காது, நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பிறகு ஸ்பார்க்கை வரவைக்கும் கான்டாக்ட் பாயிண்டின் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங், மேல்முனைக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். தாமதமானால் எஞ்சின் கொதித்து சைலன்சர் வளைவு நீலம் பாயும். கடைசியில் கார்புரேட்டர். ஒழுங்காகச் செய்தால் நாலு மணி நேரம், அதாவது 1,200 ரூபாய் லேபர். பல கடைகளில் வாங்குவது 400. மீதி 800-ஐப் பென்ஷன் கொடுக்கிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. பிறகு வந்த யூ.சி.இ. எஞ்சினில் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர், டேப்பெட் வைக்கும் வேலையே இல்லை. அதற்கும் சேர்த்து பில் போடுகிற கடையைக் கண்டால் கஸ்டமர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவது நல்லது.

"தம்பி, நாமெல்லாம் ஒரே ரெஜிமென்ட், பார்த்துப் போடுப்பா" என்று ஒரு சுபேதார் வந்து நின்றால் மறுப்பது கஷ்டம். மறுக்க வேண்டாம். முழு லேபரையும் ஜாப் கார்டில் எழுதி, கீழே தனி வரியில் தள்ளுபடி போடுங்கள். மாசக் கடைசியில் அந்த வரிகளைக் கூட்டினால் நட்புக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரியும். கடன் நோட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கம்யூட்டேஷன் பணத்தை, அதாவது பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகையை, தொடுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். படையினர் பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்யலாம், ஆனால் அந்தப் பிடித்தம் 15 வருஷம் ஓடும். அதைக் கடை அட்வான்ஸிலும் இன்டீரியரிலும் கொட்டுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் உங்கள் சம்பளம் போக மாதச் செலவு 42,000. ஆறு மாதத்துக்கு 2,52,000. இதை வங்கியில் தனியாக வைத்த பிறகுதான் போர்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். மிஷின் வாங்க, 2024 சுதந்திர தினத்தில் தமிழக அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் மூலதன மானியத்தோடு கடன் உண்டு; மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இடம் பார்க்கும்போது மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று எதிர்வீட்டில் கேளுங்கள், ஓனர் சொல்ல மாட்டார். கம்ப்ரசரும் இன்வெர்ட்டரும் அந்த அளவுக்கு மேலே ஸ்டாண்டில் இருக்கட்டும். மூழ்கிய வண்டி வந்தால் செல்ஃப் போடவே கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஒரு முறை மாற்றினால் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் பக்கம் எண்ணெய்க் கழிவும் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டிக்கு பிரேக் ஷூவை மாற்றியே ஆக வேண்டும், எண்ணெய் குடித்த லைனிங் திரும்பப் பிடிக்காது.

காது விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பீரங்கி, டாங்கி, ஜெனரேட்டர் பக்கம் இருந்தவருக்கு ஏற்கெனவே காதில் இரைச்சல் இருக்கலாம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் போடும், கம்ப்ரசரில் ஓடும் ஏர் கன்னுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான். முதலில் போவது மெல்லிய உயர் சத்தம். அதாவது டேப்பெட்டின் டிக் டிக், செயின் டென்ஷனரின் கிலுகிலுப்பு. அது கேட்காத மெக்கானிக் நல்ல எஞ்சினைப் பிரிப்பார், கெட்டதை அனுப்பிவிடுவார். வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறதென்றால் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-ன் பாலிகிளினிக்கில் சொல்லி ஆடியோமெட்ரிக்கு (கேட்கும் திறன் சோதனை) எழுதி வாங்குங்கள். காதை அடைக்கும் ஃபோம் பிளக்கை கிரீஸ் கையோடு தொடக் கூடாது. மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்தியிருக்க வேண்டும்.