புத்திசாலிகளுக்கும் வண்டி ஆஃப் ஆகும்

“மேடம், எனக்கு ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?” என்றுதான் அவர் பேச்சையே ஆரம்பித்தார். கல்லூரியில் கணிதம் நடத்துபவர். மூன்றாவது டிரைவிங் ஸ்கூலையும் பாதியில் விட்டுவிட்டு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். கூடவே சேர்ந்த, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு பையன் எட்டே நாளில் ஓட்டிக் காட்டிவிட்டானாம். அதுதான் இவரைக் குடைந்துகொண்டிருந்தது. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

டெஸ்ட் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நல்ல மதிப்பெண்தான் வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு கிளட்சை மிதிக்கவா முடியும்?

வண்டி பழகுவதில் புத்திக்கூர்மைக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குத்தான். எந்தக் கைவேலையும் ஆரம்பத்தில் வெறும் வார்த்தையாகத்தான் இருக்கிறது: கிளட்சை அழுத்து, கியரைப் போடு, மெல்ல விடு. இந்த வரிசையைப் புரிந்துகொள்வதிலும் மனத்தில் நிறுத்துவதிலும் புத்திசாலிகள் முந்திக்கொள்வார்கள். பயிற்சி ஏற ஏற அந்த இடைவெளி குறைந்துவிடும் என்று உளவியலாளர் ஃபிலிப் ஆக்கர்மன் 1988இல் எழுதினார். கடைசியில் கண்ணும் கையும் காலும் எவ்வளவு சுருக்காக ஒத்துப்போகின்றன என்பதே பெரிதாகிவிடும். எப்போதும் ஒரே மாதிரி செய்கிற வேலைகளுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். கிளட்சும் கியரும் அந்த வகை. சாலை அந்த வகை இல்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

திறமை மூளையில் வேறோர் இடத்தில் போய் உட்காருகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஹென்றி மோலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். முந்தின நாள் செய்ததே நினைவில்லாத மனிதரின் கை, நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. நாம் படிப்பு வேறு, பழக்கம் வேறு என்று பிரித்துப் பேசுகிறோமே, மூளையும் ஏறக்குறைய அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

சரி, பேராசிரியையிடம் வருவோம். ஒருநாள் அவருடைய வகுப்பில் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கை விரல் மூட்டு வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தார். பார்வை பானெட்டைத் தாண்டவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது: “பாதி கிளட்ச்... இப்ப ஆக்சிலரேட்டர்... இல்ல இல்ல...” வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. “பாதின்னா எத்தனை சென்டிமீட்டர் சார்?” என்று பயிற்சியாளரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு எட்டாவது தடவையாகக் கேட்ட கேள்வி அது. குரல் உயர்ந்தது. குரல் உயர்ந்ததும் வண்டி மறுபடி ஆஃப்.

படித்தவர்கள் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். வார்த்தையால் புரிந்துகொண்டே முன்னுக்கு வந்தவர்கள், பாதத்தையும் வார்த்தையால் நடத்தப் பார்க்கிறார்கள். 1992இல் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியில் இதைச் சோதித்தார். விதிகளைப் படித்துப் பழகியவர்களைவிட, விதி எதுவும் தெரியாமல் பழகியவர்கள்தான் பதற்றமான நேரத்தில் தடுமாறாமல் ஆடினார்கள். அதோடு, தப்பு செய்தே பழகாதவர்களுக்கு ஒரு தப்பே பெரிய அவமானம். எட்டு நாள் பையனுக்கு வண்டி ஆஃப் ஆனால் சாவியைத் திருப்பினான், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது சின்ன மாற்றம். காலி மைதானத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி லேசாக நடுங்கி நகரும் நொடியைப் பாதத்தில் உணரச் சொன்னோம். ஓடும்போது எதிரே தெரிவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். வாய் சாலையைப் பற்றிப் பேசியதால், காலை அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. விடுமுறையில் நாலு நாள் தொடர்ந்து ஓட்டிப் பழகுகிறேன் என்றவரைத் தடுத்து, தினம் கொஞ்ச நேரமே போதும் என்றேன். பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1978இல் வெளியானது. தினம் அதிக நேரம் பழகியவர்களைவிட, ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்களுக்கு மொத்தத்தில் குறைந்த மணிநேரமே தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான்.

இப்போது அந்தப் பையன். உண்மையில் எனக்குக் கவலை அவனைப் பற்றித்தான். வண்டியை நகர்த்தச் சீக்கிரம் பழகுவதும் சாலையைப் படிக்கப் பழகுவதும் ஒன்றல்ல. புதிதாக ஓட்டுபவர்களின் பார்வை வண்டிக்குக் கிட்டத்திலேயே விழுகிறது, கண்ணாடிகளைக் குறைவாகப் பார்க்கிறார்கள் என்று மோரன்ட், ராக்வெல் என்ற ஆய்வாளர்கள் 1972லேயே காட்டினார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுவோம். நின்றிருக்கும் பேருந்துக்கு முன்னாலிருந்து யாராவது ஓடி வரக்கூடும் என்று முன்கூட்டியே தோன்ற வேண்டும். அந்த ஊகம் எட்டு நாளில் வராது. ஆனால் எட்டு நாளிலேயே ‘நமக்கு எல்லாம் வந்துடுச்சு’ என்ற எண்ணம் வந்துவிடும். 1981இல் ஓலா ஸ்வென்சன் நடத்திய ஆய்வில் அமெரிக்கப் பங்கேற்பாளர்களில் 93 சதவீதம் பேர் தங்களைச் சராசரிக்கு மேலான ஓட்டுநர் என்று மதிப்பிட்டார்கள்!

பழக நிஜமாகவே தடையாக இருப்பவை வேறு. தூக்கக் குறைவு, மயக்கம் தரும் சளி மருந்தும் தூக்க மாத்திரையும், சரிபார்க்காத கண்பார்வை, கண்டுகொள்ளாமல் விட்ட கவனக்குறைபாடு (ஏடிஹெச்டி). கடைசியாகச் சொன்னதற்குச் சிகிச்சை உண்டு, அது ஓட்டுவதற்கும் உதவுகிறது. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அது பயக் கோளாறாக இருக்கலாம். டிரைவிங் ஸ்கூலை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் சிலர் ஓட்டலாம், சிலர் கூடாது. ஆளை நேரில் பார்த்து மதிப்பிடாமல், ஐ.க்யூ. என்ற ஓர் எண்ணை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

பேராசிரியைக்கு இரண்டரை மாதம் ஆனது. போன வாரம் அவரே ஓட்டி வந்தார். “பாதி கிளட்ச்னா எத்தனை சென்டிமீட்டர்?” என்று சும்மா சீண்டினேன். யோசித்தார். மேஜைக்கடியில் இடது கால் மெல்லத் தூக்கி இறங்குவது தெரிந்தது. “வருது மேடம், ஆனா சொல்லத் தெரியலையே” என்றார்.