ஷாம்பெய்ன் வாங்கும் முன்: பொலிஞ்சர் குடும்பத்தின் பாட்டிலில் என்ன இருக்கிறது?

ஓட்டலில் வைன் பரிமாறுவதும், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். விருந்தினர்கள் அதிகம் ஏமாறும் இடம் எது என்று கேட்டால் ஷாம்பெய்ன் லேபிள் என்றுதான் சொல்வேன். ஷாம்பெய்ன் என்பது பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் விளையும் திராட்சையில் தயாராகும் குமிழி வைன். தங்க எழுத்தில் ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர், அதன் கீழே பழைய ஆண்டு ஒன்று, பக்கத்தில் ஏதோ முத்திரை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் கட்டிக்காத்து வரும் சரக்கு என்று நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார்கள். மொயட், வூவ் கிளிக்கோ, க்ரூக் எல்லாமே குடும்பப் பெயர்கள்தான். இன்று மூன்றும் எல்விஎம்எச் என்ற ஒரே பெருங்குழுமத்தின் சொத்து. அதனால் அவை மட்டம் என்று சொல்லவில்லை, க்ரூக் கிடைத்தால் நானே விடமாட்டேன். ஆனால் பெயர் யாருடையது என்பதும் சொத்து யாருடையது என்பதும் வேறு வேறு.

லேபிளின் ஓரத்தில் பொடியாக இரண்டு எழுத்துகள் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே தயாரிக்கும் விவசாயி. என்.எம். என்றால் மற்றவர்களிடமும் திராட்சை வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். எம்.ஏ. என்றால் தயாரித்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது. சூப்பர் மார்க்கெட்டுகள் தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்து விற்பவை பெரும்பாலும் இந்த வகை. கம்பீரமான பழைய பெயர் போட்டிருந்தாலும் எம்.ஏ. என்று கண்டால் ஒரு நிமிடம் யோசியுங்கள். என்.எம். மட்டும் உங்களுக்கு முழுக்கதையையும் சொல்லாது. குழுமத்தின் நிறுவனமும் குடும்ப நிறுவனமும் அதே இரண்டு எழுத்தைத்தான் போட்டுக்கொள்ளும்.

சரி, குடும்பத்தின் கையில் இருந்தால் பாட்டிலுக்குள் என்ன மாறிவிடும்? இன்றும் குடும்பத்தின் கையில் இருக்கும் பொலிஞ்சர் நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம்.

வடகிழக்கு பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில், மார்ன் ஆற்றங்கரையில், எப்பெர்னே நகரத்துக்கு அருகே அயீ என்ற சிற்றூர். 1829இல் அங்கே மூன்று பேர் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். தோட்டம் வில்லெர்மோன் என்ற பிரபுவுடையது. பிரபு குலத்தவர் வியாபாரத்துக்குப் பெயர் கொடுப்பது அக்காலத்தில் கௌரவக் குறைவு, அதனால் லேபிளில் ரெனோதேன், பொலிஞ்சர் என்ற மற்ற இருவரின் பெயர்கள் ஏறின. ஜாக் பொலிஞ்சர் ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர். 1837இல் பிரபுவின் மகளையே மணந்துகொண்டார். மாமனாரின் நிலமும் மருமகனின் வியாபாரமும் சேர்ந்துதான் இந்தக் குடும்பம். 1884இல் விக்டோரியா மகாராணியின் அரண்மனைக்குச் சரக்கு அனுப்பும் உரிமை கிடைத்தது. ஜேம்ஸ் பாண்ட் படங்களால்தான் நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். அது விளம்பரக் கணக்கு, விட்டுவிடலாம்.

1911இல் வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெய்ன் என்று விற்ற வியாபாரிகள் மீது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அயீயில் கலவரம் மூண்டது, கட்டடங்கள் எரிந்தன. அயாலா என்ற நிறுவனத்தின் மாளிகையும் எரிந்துபோனது. பொலிஞ்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அயாலாவை 2005இல் பொலிஞ்சர் குடும்பமே வாங்கியது.

இந்த நிறுவனத்தின் இன்றைய குணத்தில் பெரும்பங்கு லிலி பொலிஞ்சர் என்ற பெண்மணியுடையது. 1941இல், பிரான்ஸ் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தபோது, கணவர் இறந்தார். குழந்தைகள் இல்லை. நிர்வாகத்தை அவரே கையில் எடுத்து, பெட்ரோல் கிடைக்காத நாட்களில் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் சுற்றினார். 1971வரை அவர் ராஜ்ஜியம்தான்.

அவர் செய்த முக்கியமான வேலையைப் புரிந்துகொள்ள, ஷாம்பெய்ன் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வைனோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் மூடினால், உள்ளேயே மறுபடி நொதித்துக் குமிழி உண்டாகும். செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். அந்த வண்டலோடு எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு ருசி, அதோடு காற்று கெடுக்காமலும் அந்த வண்டல் காக்கும். பிறகு பாட்டிலைத் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றி, புதுத் தக்கை அடிப்பார்கள். 1952ஆம் ஆண்டு வைனில் ஒரு பகுதியை வண்டலோடு பல ஆண்டுகள் நிலவறையிலேயே வைத்திருந்து, வண்டலை நீக்கிய கையோடு 1967இல் விற்பனைக்கு விட்டார் லிலி. ஆர்.டி. (‘அண்மையில் வண்டல் நீக்கியது’ என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம்) என்ற பெயரில் இன்றும் அந்த வகை வருகிறது, வண்டல் நீக்கிய தேதி பாட்டிலிலேயே அச்சாகியிருக்கும்.

குடும்ப உடைமையின் பலன் இங்கேதான் தெரிகிறது. பல ஆண்டு வைன்களைக் கலந்து செய்வதால் லேபிளில் ஆண்டு குறிக்காத ஷாம்பெய்னைச் சட்டப்படி 15 மாதம் வைத்திருந்து விற்றுவிடலாம். பொலிஞ்சர் தன் அன்றாடச் சரக்கான ஸ்பெஷல் க்யூவேயையே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வைத்திருக்கிறது. அதில் சேரும் திராட்சை வகைகள்: பினோ நுவார் 60 சதவீதம், ஷார்டொனே 25, மொனியே 15. கலவைக்குச் சேர்க்கும் பழைய வைன்களை மற்றவர்கள் பெரும்பாலும் தொட்டியில் வைப்பார்கள். இவர்கள் ஊர்வாரியாக, ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒன்றரை லிட்டர் மேக்னம் பாட்டில்களில் தக்கை அடித்து, 5 முதல் 15 ஆண்டுகள் அடுக்கி வைக்கிறார்கள். லட்சக்கணக்கான பாட்டில்கள், அத்தனையும் முடங்கிக் கிடக்கும் பணம். கலக்கும் நாளில் ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்ற வேண்டும். பங்குதாரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிர்வாகி இதற்குத் துணிவாரா என்பது சந்தேகம்.

மரப்பீப்பாயிலும் அதே பிடிவாதம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஓக் பீப்பாய்கள் இருக்கின்றன, அவற்றைப் பழுதுபார்க்க நிறுவனத்திலேயே தச்சர் உண்டு. பழைய பீப்பாய் என்பதால் மரவாடை ஏறாது. மெல்லக் காற்று பட்டு வைன் பக்குவப்படும். பழுத்த ஆப்பிள், வால்நட், சுட்ட ரொட்டி என்று வாசனை கனமாக வரும். லேசாக, எலுமிச்சை போலத் துள்ள வேண்டும் என்று கேட்பவருக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. வறுத்த காளானோ கோழி ரோஸ்ட்டோ மேசையில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

அயீயில் இவர்களுக்கு ஒட்டுப்போடாத பழைய கொடிகள் உள்ள இரண்டு துண்டு நிலம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்செரா பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட எல்லோரும் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். இந்தத் துண்டுகளைப் போல அபூர்வமாகச் சிலதான் தப்பின. கொடியை வளைத்து மண்ணில் பதியன் போட்டே புதுக்கொடி எடுக்கிறார்கள், வரிசை கிடையாது, உழுவதற்கு இயந்திரமும் இறங்க முடியாது. 1969 முதல் இதிலிருந்து தனி வைன் வருகிறது. பூச்சி எப்போது வேண்டுமானாலும் வரலாம். பூஸி ஊரில் இருந்த மூன்றாவது துண்டு அப்படித்தான் போனது.

இனி உங்கள் வீட்டு விஷயம். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை மகள் கல்யாணத்துக்கென்று பீரோவிலோ பரணிலோ பல ஆண்டுகள் பூட்டி வைத்து, கடைசியில் குமிழியே இல்லாத பழுப்புத் திரவத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டியவர்கள் உண்டு. காத்திருக்கும் வேலையை வண்டலோடு நிறுவனமே முடித்துவிட்டது. நம் ஊர் வெப்பத்தில் நீங்கள் காத்திருப்பது அதைக் கெடுக்கத்தான். ஆண்டு குறிக்காத பாட்டில் என்றால் வாங்கிய ஓரிரு ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள், அதுவரை இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

திறக்கும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நன்றாகக் குளிர்ந்த பாட்டிலை மட்டும் திறங்கள், குலுக்கவே வேண்டாம். கம்பியை அவிழ்க்கும் நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கை மேலேயே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து, ஆளில்லாத பக்கம் திருப்பி, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் சுழற்ற வேண்டும். ‘டப்’ என்று வெடிக்காமல் ‘உஸ்’ என்று வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, இதைக் ‘குளிர்பானம் மாதிரி’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். 12 சதவீத ஆல்கஹால். 125 மில்லி கிளாஸ் ஒன்றில் உள்ள ஆல்கஹால், 30 மில்லி விஸ்கியில் இருப்பதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். கார் சாவி கையில் இருப்பவருக்கு நான் ஊற்றுவதில்லை.