‘ஸ்லைட்டிங்’: அவமதிப்பா, தகர்ப்பா, அரண்முறிப்பா?

வேல்ஸ் கோட்டைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் தமிழ்க் குரல் வடிவத்தில், ‘உள்நாட்டுப் போர் முடிந்ததும் ராக்லன் கோட்டை அவமதிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தைக் கேட்டேன். இந்த அவமதிப்பை நான் கேட்பது மூன்றாவது முறை. அந்தக் கோட்டையை யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மூலத்தில் இருப்பது ‘ஸ்லைட்டிங்’ என்னும் ஆங்கிலச் சொல்; கோட்டையை மீண்டும் போருக்குப் பயன்படாதபடி வேண்டுமென்றே சிதைப்பதை அது குறிக்கும். ‘ஸ்லைட்’ என்பதற்கு முதலில் வழவழப்பான, சமமான என்றே பொருள்; அதிலிருந்து எளிய, சிறிய, பொருட்படுத்தத் தகாத என்று பொருள் நகர்ந்து, மதியாமை என்பதில் வந்து நின்றது. கோட்டை தொடர்பான வழக்கோ, தரைமட்டமாக்குதல் என்று பொருள்படும் டச்சு மொழியின் ‘ஸ்லெக்டன்’ என்னும் வினையோடு சேர்ந்தது. அகராதியில் கடைசியாக உள்ள பொருளை எடுத்துக்கொண்டு மேலே படிக்காமல் விட்டதன் விளைவே அந்த அவமதிப்பு.

செயல் இன்னதென்று தெரிந்தால் சொல் தானாக வரும். இங்கிலாந்து மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், ராக்லன் கோட்டை 1646 ஆகஸ்டில் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தது. அதன் பெருங்கோபுரம், ‘குவென்ட்டின் மஞ்சள் கோபுரம்’ எனப்படுவது, அறுகோண வடிவமுடையது. தனக்கென்று தனி அகழியும் கொண்டது. ஆட்கள் முதலில் உச்சியில் ஏறிக் கடப்பாறையும் குந்தாலியுமாகக் குத்திப் பார்த்தார்கள், வேலை நகரவில்லை. பிறகு அடிப்பகுதியைக் குடைந்து, எடையை மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்துத் தாங்க வைத்து, ஆறு பக்கங்களில் இரண்டை அறுத்து, அந்தக் கட்டைகளுக்குத் தீ மூட்டினார்கள். முட்டு எரிந்ததும் அந்தப் பகுதி மொத்தமாகச் சரிந்தது. எஞ்சிய நான்கு பக்கங்கள் இன்றும் நிற்கின்றன. மீண்டும் ஒரு படை உள்ளே புகுந்துகொண்டு எதிர்த்து நிற்க முடியாதபடி செய்வதுதான் நோக்கம். அது நிறைவேறியதும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

அவமதிப்பை ஒதுக்குவது எளிது. என் சண்டை, கற்றவர்கள் பரிந்துரைக்கும் ‘கோட்டைத் தகர்ப்பு’ என்னும் ஆக்கத்தோடுதான். தகர்த்தல் என்றால் பொடிப்பொடியாக்குதல் என்றே நம் காதில் விழுகிறது. 1649-இல் ஏறக்குறைய முழுவதுமாக இடித்துத் தள்ளப்பட்ட மான்ட்கமரிக் கோட்டைக்கு அது பொருந்தலாம். ஆனால் 1647 மார்ச்சில் பணிந்த ஹார்லெக் கோட்டையை இடிக்க ஆணை பிறந்தும், அது அரைகுறையாகவே நிறைவேறி, வாயிற்கோபுரத்தின் படிக்கட்டுகள் போன்றவை மட்டும் அழிக்கப்பட்டன. மதில்கள் இன்றும் தலை நிமிர்ந்து நிற்கின்றன. அதையும் தகர்ப்பு என்று எழுதினால், படத்தைப் பார்க்கும் வாசகர் எழுதியவரின் கண்ணைச் சந்தேகிப்பார். பழந்தமிழ்ப் பற்றினால் ‘எயில் பாழ்செய்தல்’ என்று சிலர் சொல்வதும் இதே காரணத்தால் ஒத்துவராது. கழுதை ஏர் பூட்டிப் பகைவர் கோட்டையைப் பாழ்செய்ததைப் புறநானூறு பாடுகிறது; அது வென்றவன் பகைவனை இழிவுபடுத்தும் சடங்கு. ராக்லனில் நடந்ததோ செலவும் உழைப்பும் கணக்குப் பார்த்துச் செய்த காரியம்.

நான் எழுதுவது ‘அரண்முறிப்பு’. கல் உடையும், கொம்புதான் முறியும் என்று மறுப்பார்கள். முறிவது கல் அன்று, அரண். நஞ்சை முறிக்கும் மருந்து உடலை அழிப்பதில்லை, நஞ்சின் வீரியத்தை மட்டுமே போக்குகிறது. அந்த முறிப்புத்தான் இது. உயரம், அகலம், திண்மை, அருமை என்று நான்கை அரணுக்கு அமைவாகக் குறள் சொல்கிறது. இரண்டு பக்கம் திறந்துகிடக்கும் கோபுரத்தில் முதல் மூன்றும் ஓரளவு மிஞ்சியிருந்தாலும், பகைவர் நெருங்க முடியாத அருமை போய்விட்டது.

இந்தச் சொல்லையும் கண்ட இடத்தில் போட்டுவிடக் கூடாது. கான்விக் கோட்டையில் 1655-இல் அரசு ஆணைப்படி ஒரு கோபுரத்தின் பகுதியை இடித்தது அரண்முறிப்பு. பத்தாண்டு கழித்து அதன் உரிமையாளரே கூரை ஈயத்தைக் கழற்றி விற்கக் கொண்டுபோனது வெறும் உரித்தெடுப்பு.

இவ்வளவையும் பிரித்துக் காட்டத் தமிழில் வினைகள் இருக்கும்போது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லா மதிலுக்கும் ‘சிதிலமடைந்த’ என்ற ஒரே அடைமொழியை ஒட்டிவிடுகிறார்கள். இடிந்தது வேறு, இடித்தது வேறு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். செய்தவனை மறைக்கும் தன்வினையையே இவர்கள் கை தேடுகிறது. ராக்லன் கோபுரத்தின் படத்துக்குக் கீழே ‘காலத்தால் சிதைந்த கோட்டை’ என்று எழுதியிருப்பதையும் பார்த்துவிட்டேன். நிற்கிற நான்கு பக்கங்களின் மீதும் அதே காலம்தான் கடந்துபோயிருக்கிறது.